மருந்து நாற்காலிக்குப் பிடித்ததைக் கொண்டுபோகாதீர்கள்

என் கழுத்தெலும்புக்கு மேலிருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் ஒன்பது வயது மகள் யாழினி. பருத்திப்பட்டு வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குப் பிடித்த கார்ட்டூன் படத்தை எத்தனையாவது முறையாகவோ பார்த்துக்கொண்டிருந்தோம். மழையாக மாறிப்போன தம்பியைத் தேடி ஒரு சிறுமி நாரை மீதேறிக் கடலைக் கடக்கும் கதை. ஒரு நாவலிலிருந்து எடுத்தது. நாரை கிளம்பும்போது புல்லாங்குழல் வரும். அப்போது யாழினி என் தோளில் சாய்வாள்.

"இன்னாம்மா இது, கோலிகுண்டு மாதிரி கெட்டியா கீது?"

வலியில்லை என்று இரண்டு மாதம் விட்டுவைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார்: "லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்). நல்லா குணமாகுற வகைதான். ஒரு விதத்துல நீங்க அதிர்ஷ்டசாலி."

அதிர்ஷ்டசாலிக்குப் பன்னிரண்டு முறை கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது).

முதல் நாள் மருந்து ஏற்றும் நாற்காலியின் கைப்பிடியை நான் இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்த நர்ஸ், "புடிச்ச படம் எதுனா பாத்துகினு இருங்கக்கா, நேரம் போறதே தெரியாது" என்றாள். நல்ல மனசு. பன்னிரண்டு முறையும் அதே படத்தைச் செல்போனில் பார்த்தேன். சிவப்பு மருந்து இறங்கும்போது நாரை கடல்மேல் பறந்துகொண்டிருக்கும். வீடு திரும்பியதும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று அப்போது எனக்குத் தெரியாது.

கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் நோய் இல்லை என்று வந்தது. யாழினி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பொரி கலந்து என் மடியில் வைத்துப் படத்தைப் போட்டாள். புல்லாங்குழல் தொடங்கியது. எழுந்திருக்கக்கூட முடியவில்லை. பொரித் தட்டிலேயே வாந்தி எடுத்தேன்.

"திரும்பவும் வந்துடுச்சாம்மா?" என்று அழுதாள்.

வரவில்லை. "மருந்தும் அந்தப் பாட்டும் ஒண்ணாவே வந்ததால உடம்பு ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "போகப்போக சரியாகலாம். ஆகாமலும் போகலாம்."

"உயிர் பொழைச்சதே பெருசு, ஒரு பொம்மப் படத்துக்குப் போயி இன்னா வசந்தி" என்றார் என் கணவர். பெரிசுதான். முடி திரும்ப வந்தது, நாக்கில் ருசி வந்தது. என் மகள் என் தோளில் சாய்கிற அந்த இரண்டு மணி நேரம் மட்டும் வரவில்லை. எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

அப்படிச் சொன்ன மனுஷனே அந்த நாவலைத் தேடி வாங்கிவந்தார். புத்தகத்தில் புல்லாங்குழல் இல்லை, அதனால் படித்தேன். படத்தில் திரும்பி வந்துவிடும் தம்பி அதில் வருவதில்லை. மழையாகவே பெய்துவிட்டுப் போகிறான்.

மருந்தை நிறுத்தி ஒன்பது மாதம். காலண்டருக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. என் நாட்கள் இப்போது ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான். யாழினி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு படம் பார்க்கிறாள். அவள் தலை லேசாக இடதுபக்கம் சாயும்போது நாரை கிளம்பிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நேற்று ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு திரும்பினாள்.

"புக்லயும் தம்பி வந்துடுவான் இல்லம்மா?"

"வந்துடுவான்" என்றேன்.

வியாழக்கிழமை எனக்கு ஸ்கேன்.