மடித்துக் கட்டிய வேட்டியும் அப்பாவின் காலுறையும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், ஒரு காலத்தில் அவரிடம் டிக்கெட் வாங்கிப் பயணம் செய்தவர்கள். கரிவலம்வந்தநல்லூரில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்த அப்பா, இளமையிலேயே தம் தந்தையை இழந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றும் பொறுப்பு தலையில் விழ, படிப்பை விட்டுவிட்டுத் தனியார் பேருந்தில் நடத்துநராகச் சேர்ந்தார். அம்மாவை மணந்து சங்கரன்கோவிலில் குடியேறினார். பேருந்தில் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். "ஏறுத ஆளுக்கு இடம் வேணும்லா" என்பார்.

காலமெல்லாம் நின்றதைக் கால்கள்தான் தாங்கின. ஓய்வுபெற்ற பின் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்தன. மாலையானால் பாதம் வீங்கியது. இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப் புண்ணானது. எப்போதும் வேட்டியை மடித்துக் கட்டி நடப்பவர், அதை மறைக்கத் தழையவிட்டுக்கொண்டார். அண்ணாச்சிக்கு வயதாக ஆகப் பணிவு கூடிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

திருநெல்வேலி மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "காலுக்கு இறங்குற இரத்தத்துக்குத் தடையில்லை. திரும்பி மேலே ஏறுறதுலதான் கோளாறு" என்றார். வாராவாரம் இறுக்கமான கட்டுப் போட்டுப் புண் ஆறியது. அது மறுபடி வராமலிருக்க, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் காலுறையை அளவெடுத்து வாங்கித் தரச் சொன்னார். காலையில் எழுந்ததும் அணிய வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும்.

"வேட்டிக்குக் கீழ சாக்ஸ் மாட்டிக்கிட்டுப் போனா ஊரே சிரிக்கும். என்னைய வேசம் கட்டச் சொல்லுதியா மக்கா?" என்று என்னிடம் சீறினார். காலுறை பிரிக்கப்படாமலே பீரோவுக்குள் போனது.

அந்த ஆண்டே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தினமும் தூக்கி நிறுத்திப் பழக்கினால் நடப்பார் என்றார்கள். மதுரையில் என் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "உங்கம்மாவ நான் பாத்துக்கிடுதேன். நீ பிள்ளையளப் பாரு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சொன்னபடியே குளிப்பாட்டினார், ஊட்டினார், தோளில் தாங்கி வீட்டுக்குள் நடத்தினார். அப்படி நின்று நின்றே ஆறிய புண் மீண்டும் திறந்துகொண்டது.

இம்முறை மருத்துவர் பூசி மெழுகவில்லை. "இப்படியே விட்டா நீங்களும் படுக்கையிலதான் ஐயா. அப்புறம் அம்மாவை யாரு தூக்குவா?"

வீட்டுக்கு வந்ததும் அப்பா பீரோவைத் திறந்து காலுறையை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். மறுபடி கட்டுப் போட்டுப் புண் மூடியதும், மருத்துவர் காலளவை ஒருமுறை சரிபார்த்துத் தர, அணியத் தொடங்கினார். அதன்பின் சங்கரன்கோவில் கோடையில் கால் வெந்து அரித்தபோதும் கழற்றியதில்லை.

அதை மாட்டுவது லேசான வேலையில்லை. குனிய அப்பாவுக்கு இடுப்பு இடம் கொடுக்காது. ஒருநாள் காலையில் நான் போனபோது, அப்பா கட்டிலில் காலை நீட்டியிருந்தார். பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து, அம்மா தம் இடது கையால் காலுறையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"சுருக்கம் விழக்கூடாது. இன்னும் கொஞ்சம் இழு."

"கால ஆட்டாம இருங்களேன்" என்று அம்மா குழறிய நாவால் அதட்டினார்.

மாட்டி முடித்ததும் அப்பா எழுந்து நின்றார். பிறகு அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ராயகிரியில் நடந்த உறவினர் திருமணத்துக்கு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். முழங்கால்வரை காலுறை பளிச்சென்று தெரிந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பந்தலே கேட்கும்படி, "என்ன அத்தான், கிரிக்கெட் ஆடப் போறியளா?" என்றார்.

"ஆமா மாப்ள. உங்க அக்காதான் கேப்டன்."

பந்தல் சிரித்தது, அப்பாவும் சிரித்தார். சாப்பிட்டபின் மாமா மெல்ல வந்து வீங்கிய தம் காலைக் காட்டினார். "மொதல்ல டாக்டர்ட்ட காட்டு. ஆளுக்கு ஆள் அளவு வேற. நீயா வாங்கி மாட்டிராத" என்று அப்பா தோளைத் தட்டி அனுப்பினார். அவருக்கு மகளாகப் பிறந்ததற்கு அன்றைக்குப் போல நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை.

அம்மா கைத்தடியோடு நடக்கத் தொடங்கிவிட்டார். அப்பாவின் புண்ணும் திரும்பவேயில்லை. ஒருநாள் காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் மாரடைப்பால் அப்படியே சாய்ந்துவிட்டார்.

கைவிடாது பார்த்த மருத்துவருக்கும், வீடு தேடி வந்து அம்மாவுக்குப் பயிற்சியளித்த இயன்முறை மருத்துவச் சகோதரிக்கும், அப்பாவைச் சுமந்த உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதி ஊர்வலம் புறப்பட்டபோது அம்மாவைத் தெருமுனைவரை தூக்கிச்செல்ல நாற்காலியோடு ஓடிவந்த தெருப்பிள்ளைகளுக்குத் தனி நன்றி. அந்த நாற்காலியில் அம்மா உட்காரவில்லை.

"வேண்டாம்யா, நடந்தே வாரேன். அவுக நடக்கவச்ச காலுலா இது."