விலாவில் இடுக்கிய ஏலக்காய்

ஏலக்காய் வாங்கப் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே கம்பவுண்டராக இருந்தவரை ஓடைக்கரையில் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, காக்கி டிரவுசர், முகத்தில் பரீட்சை எழுதுகிறவரின் கவலை. இறகால் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் வீசி டிரவுட் மீன் பிடிப்பவர். அவருடைய நீளத் தூண்டில் கம்பு ஜீப்புக் கதவில் சிக்கி முறிந்துவிட்டது. இப்போது கையில் இருந்தது குட்டையான, லேசான கம்பு. மீன் பிடிக்க எஸ்டேட் கொடுத்த அனுமதியோ அன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

பழைய வேகத்திலேயே வீசினார். முதலில் மாட்டியது என் தோள்துண்டு.

"மீனு தண்ணிக்குள்ள கெடக்கு சார். கரையில நிக்கிறது வெறும் தொப்பை," என்றேன்.

"கம்பு குட்டையாயிருச்சுண்ணே. இனிக் கையத்தான் குட்டையாக்கணும்."

முழங்கை எழும்பாமலிருக்க, விலாவோடு ஒரு ஏலக்காயை இடுக்கிக்கொண்டார். காய் விழுந்தால் வீச்சு தப்பு. நசுங்கினால் வேறு காய் மாற்றுவார்.

வெயில் சாயும்போது பூச்சி மெத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தது. மீனும் கவ்வியது. உடனே பழைய பழக்கத்தில் கை உயர்ந்தது. காய் விழுந்தது, மீன் போனது.

அவர் புல்லுக்குள் தேடிக் காயை எடுத்து இடுக்கினார். "ஜீப்பு வந்தா நீங்க கெளம்புங்கண்ணே. எனக்கு இன்னும் வெளிச்சம் இருக்கு."

ஜீப்பு வளைவில் திரும்பும்போது பார்த்தேன். தூண்டில் நரம்பு காற்றில் நீண்டுகொண்டிருந்தது. மீன் மாட்டியதா, தெரியாது. நசுங்கிய காய்களை என்ன செய்தார் என்பதும் தெரியாது. நடுவில் அவர் கரையிலேயே போட்டுக் கொடுத்த டீ மட்டும் நல்ல மணமாக இருந்தது.