படித்துக் காட்டாத பெத்திசம்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் யாழ்ப்பாணப் பட்டினத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கோட்டில் நடக்கும் வழக்குச் செய்திகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் எழுத வரும் என்பதால் மேலிடத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பமான பெத்திசம் எழுதித் தரச் சொல்லியும் ஆட்கள் வருவார்கள். இணுவிலிலிருந்து வாத்தியார் ஒருவர் அப்படித்தான் வந்தார். அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவரைத் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதிகாரிகள் அநாதை விடுதிக்கு அனுப்பியிருந்தார்கள். அதன்பிறகு மனிதர் ஓரிடத்தில் இருக்கவில்லை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய், அவ்விதம் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைத் தேடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஒரு வாசிகசாலையில் கூடினார்கள். பிள்ளையை அனுப்புமுன் பெற்றவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கவேண்டும் என்ற ஒன்றைத்தான் கேட்டார்கள்.

குருநகரில் மீன் விற்கும் ஒரு பெண்ணும் அங்கே வந்தாள். புருஷன் முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போயிருந்த காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஏழு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பகலில் சந்தைக்குப் போய்விடுவாள். கடற்கரையில் தனியே நின்ற பிள்ளையைக் கண்ட ஊர் அதிகாரி விதானையார், கேட்பாரற்ற பிள்ளை என்று எழுதி விடுதிக்கு அனுப்பிவிட்டார். தாய் வீடு திரும்பியபோது பிள்ளை விடுதியில் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க விடுவார்கள்.

பிள்ளையைத் திருப்பிக் கேட்கும் அவளுடைய பெத்திசத்தை நான் எழுதினேன். அந்த நாளில் பெத்திசத்துக்கு ஒரு நடை இருந்தது. கேட்பவர் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறாரோ அவ்வளவுக்கு மேலிடம் இரங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒருவேளைக் கஞ்சிக்கும் வழியற்றவள், ஆதரவற்ற அபலை என்றெல்லாம் அழகான ஆங்கிலத்தில் அடுக்கினேன். அவளிடம் படித்துக் காட்டவில்லை. யாருக்கும் படித்துக் காட்டுவது வழக்கமில்லை. அவள் பெருவிரல் அடையாளம் வைத்தாள்.

விசாரணையன்று கோட்டின் மொழிபெயர்ப்பாளர் முதலியார் அதைத் தமிழில் சொன்னபோதுதான் அவள் முதல்முதலாகக் கேட்டாள்.

"ஆர் கஞ்சிக்கு வழியில்லாதவள்?" என்று கூண்டிலிருந்தே திரும்பினாள். "என்ரை அடுப்பு ஒருநாளும் எரியாமல் கிடந்ததில்லை. ஆஸ்பத்திரியிலை கிடந்தனான், அவ்வளவுதான்."

"உது உம்முடைய கைநாட்டுத்தானே?" என்றார் முதலியார்.

"ஓம், கை என்ரை. கதை என்ரையில்லை."

பின்வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. சோறு கொடுக்க வழியில்லை என்று தாயே எழுதித் தந்திருக்கும்போது பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது என்று கேட்டார். சட்டப்படி அவர் கேட்டதில் பிழையில்லை. பெத்திசம் தள்ளப்பட்டது.

வெளியே வாகைமர நிழலில் அவள் என்னை மறித்தாள். "தம்பி, விதானையார் ஒரு பொய் எழுதினார். நீங்கள் பத்துப் பொய் எழுதியிருக்கிறியள். அவர் எழுதினது எனக்கு விளங்குது. நீங்கள் ஏன் எழுதினியள்?"

"பெத்திசம் எண்டால் அப்பிடித்தான் எழுதுறது, அக்கா."

"அப்ப நீங்கள் நீதவானிட்டைப் போய் அப்பிடிச் சொல்லுங்கோ."

வாத்தியார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "அவ சொல்லுறது சரி. அந்தச் சொல்லெல்லாம் உம்முடையது எண்டு இனி நீர் கோட்டிலை சத்தியக் கடதாசி ஒண்டு முடிச்சுக் குடுக்கவேணும். வேறை வழியில்லை," என்றார்.

பத்திரிகை முதலாளி கேள்விப்பட்டுக் கொதித்தார். "கோட்டுச் செய்தி எழுதிறவன் கோட்டிலை போய் நான் பொய் எழுதினனான் எண்டு சொன்னால், நாளைக்கு எங்கடை பேப்பரை ஆர் வாங்குவினம்?" இரண்டு கிழமை நான் சத்தியக் கடதாசி கொடுக்கப் போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அந்த நாட்களில் ஒரு செய்தியையும் ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. என் அபலைகளும் ஏழைகளும் வேறு எத்தனை கடதாசிகளில் எந்தெந்த மேசைகளில் கிடக்கின்றன என்று நினைப்பு ஓடியது.

மூன்றாம் கிழமை போய்ச் சத்தியம் செய்தேன். அந்தச் சொற்கள் என்னுடையவை, அவளுக்கு அவை தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கூடவே அவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைக் காட்டும் துண்டுச் சீட்டும், சந்தையில் அவள் கடைக்குப் பக்கத்தில் விற்கும் இரண்டு பெண்களின் வாக்குமூலமும் போயின. புருஷனும் திரும்பியிருந்தான். இம்முறை எல்லாவற்றையும் தமிழில் வரிவரியாக அவளுக்குப் படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். "நல்ல தாய் எண்டு போடவேண்டாம். தாய் எண்டு போடுங்கோ, அவ்வளவும் காணும்," என்றாள்.

மறுபடி விசாரித்த நீதவான் என்னைப் பார்த்து, இப்படி இன்னும் எத்தனை எழுதியிருக்கிறீர் என்று கேட்டார். தெரியாது என்றேன். பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவானது. முதலாளி எனக்கு ஒரு மாதச் சம்பளத்தை வெட்டினார், வேலை தப்பியது.

விடுதி வாசலில் பிள்ளை தாயிடம் உடனே வரவில்லை. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்பதுபோல உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்தது. தாய் குந்தியிருந்து காத்திருந்தாள். அதன்பிறகு பிள்ளையைச் சந்தைக்கும் கூட்டிக்கொண்டுதான் போனாள். விதானையார் அந்தப் பக்கம் வந்தால், "என்ன விதானையார், இண்டைக்கும் ஏதும் எழுதுறியளோ?" என்று உரக்கக் கேட்பாளாம்.

பெற்றவர்களை விசாரிக்கவேண்டும் என்று வாசிகசாலையில் கூடியவர்கள் கொடுத்த பொது விண்ணப்பத்துக்கு அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் பழையவர்களோடு புதிதாக ஒரு தகப்பனும் இருந்தார். முன்பு நான் எழுதிக் கொடுத்த பெத்திசம் ஒன்றை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாங்கி, எல்லாருக்கும் முன்னால் வரிவரியாகத் தமிழில் உரத்துப் படித்தேன்.