ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரே கம்பு

துணி விற்ற கை தூண்டில் விற்கப் போனால் என்ன ஆகும் என்பது, தெரியாத சரக்கை விற்று விழி பிதுங்கிய உங்களுக்கெல்லாம் நான் சொல்லாமலே புரியும்.

மலாக்கா ஜாலான் பெண்டஹாரா தெருவில் எனக்குத் துணிக்கடை. தமிழ் முஸ்லிம் என்பதால் தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் ‘நானா’, மலாய் பேசுகிறவர்களுக்கு ‘மாமாக்’. ஜப்பான்காரன் வந்தபின் கப்பலும் இல்லை, துணியும் இல்லை. கடையில் மிஞ்சியவை ஒரு கெஜக்கோலும் இரண்டு பெட்டித் தையல் ஊசியும்தான். ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று அலுத்துப்போய், ஒரு மீனுக்காக ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நின்றுகொண்டிருந்தது. காஜா பேராங்கில் என் வீட்டுக்குப் பக்கத்தில், கம்போங் செட்டியில் வேலுப்பிள்ளை இருந்தார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழும் செட்டிக் குடும்பம். நெற்றியில் விபூதி, வாயில் மலாய். அவர் மூங்கில் வெட்டித் தூண்டில் கம்பு செய்வார், நான் கடையில் வைத்து விற்பேன் என்று ஏற்பாடு. பிறந்தது முதல் நான் ஒரு மீனைக்கூடப் பிடித்ததில்லை என்பதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நாலு விரல்

முதலில் வந்தவர் செமாபோக்கில் குடியிருந்த ஒரு தமிழ்க் கிராணி, அதாவது குமாஸ்தா. எட்டடியில் ஒரு கம்பு கேட்டார். கெஜக்கோலை வைத்து அளந்தேன். துணிக்கடைக்காரன் அளந்த பிறகு நாலு விரல் கூட விட்டுத்தான் கிழிப்பான், கை கேட்கவில்லை. கம்பையும் நாலு விரல் கூட விட்டே நறுக்கி, ஏதோ தர்மம் செய்தவன் மாதிரி சிரித்தேன்.

அவர் கம்பை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “நானா, இது வேட்டி இல்ல, நீளமா இருந்தா மடிச்சுக் கட்டிக்க!”

சாயம்

வந்தவர்கள் எல்லாருக்கும் கேள்வி ஒன்றே. ஒரு கம்பு வாங்கத்தான் வசதி. அது ஆற்றுக்கும் உதவ வேண்டும், கடலுக்கும் உதவ வேண்டும். மெல்லிய கம்பு கடல் மீனின் இழுப்புக்கு முறிந்துவிடும். தடித்த கம்பில் ஆற்றுக் கெளுத்தி கொத்துவதே கைக்குத் தெரியாது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே உத்தரவாதம் துணிக்கு உள்ளதுதான்.

ஒரு மலாய்ப் பெரியவர் கம்பைத் தடவியபடி, உப்புத் தண்ணீர் தாங்குமா என்று கேட்டார். “எத்தனை தடவை முக்கினாலும் சாயம் போகாது, சுருங்கவும் சுருங்காது” என்று பழக்கதோஷத்தில் ஒப்பித்துவிட்டேன். அவர் கம்பை இருந்த இடத்தில் வைத்தார். “மாமாக், எனக்கு மீன்தான் வேணும். நான் சட்டை தைக்கப் போறதில்லை.”

ஒட்டு

மானம் போனதை வேலுப்பிள்ளையிடம் சொல்லி அழுதேன். அவர் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு ஒரு கடல் கம்பின் அடியையும் ஓர் ஆற்றுக் கம்பின் நுனியையும் சரிவாகச் சீவி, ஒன்றோடு ஒன்று பொருத்தி, என் கடையில் கிடந்த பட்டு நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே ரப்பர் பால் பூசினார். நுனி வளைய வேண்டும், அடி வளையக் கூடாது, அவ்வளவுதான் விஷயம் என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்கே மீன் பிடிக்கலாம் போல ஆசை வந்தது.

நான் மனசுக்குள் விலை போடுவதை அவர் கண்டுபிடித்துவிட்டார். “துணியில ஒட்டுப் போட்டா விலையைக் குறைப்பீங்க. மூங்கில்ல ஒட்டுப் போட்டா மட்டும் ஏத்தாதீங்க, மாமாக்.”

கொசுறு

அந்த ஒட்டுக் கம்பைத் தேடி ஒருநாள் காலை ஜப்பான் அதிகாரி ஒருவர், மொழிபெயர்ப்பாளரோடு வந்து நின்றார். இடுப்பு ஒடியக் குனிந்தேன். சரியாகக் குனியாதவர்கள் நடுத்தெருவில் கன்னத்தில் அறை வாங்குவதைப் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரியோடு மீன் பிடிக்கப் போகிறாராம். முதலில் ஆறு, அப்புறம் கடல். கம்பு சரியில்லை என்றால் திங்கட்கிழமை வருவாராம். கொடுக்கிற கையல்லவா, சும்மா இருக்குமா? ஒரு தையல் ஊசியைக் கரியில் பழுக்கக் காய்ச்சி வளைத்து, காதில் நூல் கோத்து, கொக்கியையும் கொசுறாகக் கட்டிக் கொடுத்தேன்.

மத்தியானம் வேலுப்பிள்ளை வந்தார். பெருமையோடு இன்னோர் ஊசியை வளைத்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கொக்கியின் நுனிக்குப் பக்கத்தில், பின்னோக்கிச் சீவிய சின்ன முள் ஒன்று இருக்க வேண்டுமாம். கடித்த மீனைக் கழன்று போகாமல் பிடிப்பது அதுதானாம். ஊசியில் அது ஏது? “மாமாக், இதுல மீன் வரும், புழுவைத் தின்னும், உங்களை மாதிரி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிரும்.”

கன்னம்

ஞாயிறு வரை நாட்களை விரல் விட்டு எண்ணினேன். பயந்தேன், வெட்கமில்லாமல் பயந்தேன். ஓடி ஒளியலாம் என்றால் கடையைப் பூட்டியதற்கும் சேர்த்து வாங்க வேண்டிவரும். திங்கட்கிழமை காலை பூட்ஸ் சத்தம் கேட்டதும் குனிந்தவன், நிமிரவே இல்லை.

நிமிரச் சொன்னார்கள். அதிகாரி ஏதோ நீளமாகப் பேச, மொழிபெயர்ப்பாளர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆற்றில் ஐந்து மீன் கடித்துக் கழன்றதாம், கடலில் மூன்று. அங்கே பக்கத்தில் நின்று பிடித்த மேலதிகாரிக்கு இரண்டிலும் சேர்த்து நாலு மீன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. திறந்து பார்த்தால், அதிகாரி தம்முடைய கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். போன தடவை அவர் மேலதிகாரியைவிட அதிகம் பிடித்துவிட்டாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவருக்கும் ஒரு கன்னம் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “ரொம்ப நல்ல தூண்டில்னு சொல்றார். அடுத்த வாரம் இன்னும் பெரிய அதிகாரி வர்றாராம்; மேலதிகாரிக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம்.”

ஆக, என் வியாபாரத்திலேயே வாங்கியவருக்கு முழுத் திருப்தி தந்த சரக்கு, ஆற்றிலும் கடலிலும் ஒரே மாதிரி மீன் பிடிக்காத அந்தத் தூண்டில்தான். அடுத்ததற்கும் ஊசியை மறக்காமல் கொசுறாகவே கொடுத்தேன்.