சாமிக்கண்ணு குடிக்கவில்லை

பாஞ்சாலைக்கு எழுத்து தெரியாது, ஆனால் காது உண்டு. விருத்தாசலம் குயவர் தெருவில் எந்த வீட்டில் என்ன சண்டை என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்லிவிடுவாள். சந்தையில் நாலு பேர் ஒரே நேரத்தில் விலை கூவினாலும் தனக்கு வேண்டியதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டுதான் அவள் கண்ணெதிரே மோசம் போனாள்.

அவள் புருஷன் சாமிக்கண்ணு பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்காரன். கரி போடுவது, தீயின் நிறம் பார்த்து ஏற்றுவது இறக்குவது, சூடு அடங்கியதும் செங்கல் வைத்து அடைத்த சூளை வாசலைப் பிரிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. 1987 மார்கழியில் ஏதோ ஆர்டர் அவசரம் என்று சூடு ஆறுவதற்கு முன்பே வாசலைப் பிரிக்கச் சொன்னார்கள். எஜமான் சொன்னால் மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவன். பிரித்தான். உள்ளே அடுக்கியிருந்த ஜாடிகள் பெட்டி பெட்டியாக அவன் மேலேயே சரிந்தன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது.

கம்பெனி ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொண்டது: குடித்துவிட்டு வந்து தாறுமாறாகப் பிரித்துவிட்டான். கூட வேலை பார்த்த காத்தவராயன், ஆமாம், வாடை வந்தது என்று சொன்னான். அவனுக்கும் பிள்ளைகுட்டி, அவனுக்கும் அந்தக் கம்பெனிதான் சோறு. அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் நாக்கு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மற்ற தெருக்களில் ஒருவன் குடித்துச் செத்தான் என்றால் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இந்தத் தெருவில் அப்படி இல்லை. தெருக்கோடியில் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு சூளை உண்டு. தை மாதம் அதற்கு முதல் தீ வைக்கும்போது, சூளை வாயில் சூடம் ஏற்றி, தீயைக் காத்துச் செத்தவர்களின் பேர்களை வீட்டுக்குப் பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். கூட்டம் திருப்பிச் சொல்லும். அப்புறம்தான் தீ. சூளை வேலை நடக்கிற நாட்களில் தீக்காரன் சாராயத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. குடித்துவிட்டுத் தீயைத் தொட்டவனின் பேர் அந்த வரிசையில் வராது. பாஞ்சாலைக்குப் பிள்ளை இல்லை. சாமிக்கண்ணு என்று ஒருவன் இருந்தான் என்பதை வருஷத்துக்கு ஒரு தரம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால், அந்தச் சூளை வாயை விட்டால் வேறு இடம் கிடையாது.

அடுத்த தையில் அவன் பேர் வரவில்லை. சாமிக்கண்ணுவின் அண்ணன் பழமலைதான் பெரியவர். பாஞ்சாலை நேராகப் போய்க் கேட்டாள்.

"எந் தம்பி குடிச்சான்னு நா சொல்லல பாஞ்சால. ஊரு சொல்லுது. இல்லன்னு யாராச்சும் பொதுவுல சொல்லட்டும். அந்த வருஷமே பேர சொல்றேன்" என்றார் பழமலை.

"யாரு சொன்னா ஒத்துக்குவீங்க மாமா?"

"கவர்மெண்டு சொல்லட்டும்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் ஆபீஸ் வைத்திருந்த ராஜ்மோகன் வக்கீலிடம் போனாள். இழப்பீடு கேட்டு கடலூரில் வழக்குப் போடலாம் என்றார் அவர். "பணம் வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும் சார். எங்க வூட்டுக்காரரு குடிக்கலன்னு அவங்க வாயால சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். வக்கீல் தலையை ஆட்டினார். வக்கீல்கள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார்கள்.

அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்குத் தமிழ்ப் பற்று பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கோப்புகள் தமிழில் இருக்க வேண்டும், கையெழுத்தும் தமிழில் போட வேண்டும் என்று உத்தரவு மேல் உத்தரவு. எந்த ஆபீஸில் எவ்வளவு தமிழில் வேலை நடக்கிறது என்று சோதித்துப் பார்க்கவே அதிகாரிகள் வருவார்களாம். அவர்கள் வருகிற அன்றைக்கு இங்கிலீஷ் கோப்புகள் பீரோவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாஞ்சாலை விஷயத்தில் அந்தத் திட்டம் நிஜமாகவே வேலை செய்தது. அதை மறைத்துச் சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

கடலூரில் விசாரித்த அதிகாரி அவளிடம் தமிழில் கேட்டார், அவள் தமிழில் சொன்னாள். காத்தவராயன் கூண்டில் ஏறி வாடைக் கதையைத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் அவளால் எழுந்து நிற்க முடிந்தது.

"ஏன் காத்தவராயா, வாடை வந்துதுன்னா அவர ஏன் தீயாண்ட வுட்ட? நீயும் சூளைக்காரன்தான? குடிச்சவன தீயாண்ட வுடுவியா நீ?"

நடுவில் பேசக் கூடாது என்று அதிகாரி சொன்னார். ஆனால் கேள்வியைத் தள்ளவில்லை, காத்தவராயனைப் பார்த்து, பதில் சொல்லுங்க என்றார். அவன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

1990-இல் தீர்ப்பு வந்தது. விசாரணைக்கு வந்ததுபோலவே பழமலை அன்றைக்கும் கூட வந்திருந்தார். இறந்த தொழிலாளி மது அருந்தியிருந்தார் என்பதை நிறுவனம் மெய்ப்பிக்கவில்லை என்று அதிகாரி வாசித்தார். மெய்ப்பிக்கவில்லை என்பது தெருவில் புழங்குகிற பேச்சு இல்லை. வெளியே வந்ததும் அங்கிருந்த பியூனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். "கம்பெனி சொன்னது எடுபடலம்மா" என்றார் அவர். வடலூர் தாண்டும்வரை பஸ்ஸில் அந்த வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை அவளைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள்.

ஆனால் தை வருவதற்குள் கம்பெனி பட்டணத்து மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போய்விட்டது. பழமலை கையைப் பிசைந்தார்.

"மேல ஒண்ணு இருக்குதாமே பாஞ்சால. அதுவும் சொல்லட்டும். இப்ப நா பேர சொல்லிட்டு, நாளைக்கி அவங்க மாத்திட்டா, கூப்புட்ட பேர எறக்கணும். அதவிடக் கேவலம் நம்ம வூட்டுல உண்டா?"

நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. அதுதான் கொடுமை.

அந்த வாரமே மணவாளநல்லூருக்கு நடந்து போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டினாள். நம் பக்கத்தில் அது சகஜம். தன் குறையைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, பொட்டலமாக மடித்து அதே கோயிலில் இருக்கிற முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்துவிட்டால் மறுபடியும் போய் ராஜினாமா கொடுத்துப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும். தீர்ந்த பிறகும் முடிக்காமல் விட்டால் சாமியைக் காக்க வைத்த பாவம். பாஞ்சாலை வாயால் சொல்லச் சொல்ல, கோயில் வாசலில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். எங்க வூட்டுக்காரர் குடிக்கவில்லை, அதைப் பெரிய கோர்ட்டில் சொல்ல வையப்பா. அவ்வளவுதான் பிராது.

அப்பீல் 1993 ஐப்பசியில்தான் விசாரணைக்கு வந்தது. போக வேண்டியதில்லை, பட்டணத்தில் ஒரு வக்கீலை வைத்திருக்கிறேன், அவர் பார்த்துக்கொள்வார் என்றார் ராஜ்மோகன். "அவங்க சொல்றத நா காதால கேக்கணும்" என்று சொல்லிவிட்டு ஜங்ஷனில் ரயில் ஏறினாள்.

மேல்கோர்ட்டில் எல்லாம் இங்கிலீஷ்தான். அரசாங்கத்தின் தமிழ் கடலூர் வரைக்கும்தான் டிக்கெட் வாங்கியிருந்தது. கடலூரில் சாமிக்கண்ணுவின் பெண்டாட்டியாக எழுந்து நின்று கேள்வி கேட்டவள், இங்கே கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்பு அங்கிக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவளுடைய வழக்கு எப்போது வந்தது என்றே முதலில் பிடிபடவில்லை. திடீரென்று கம்பெனி வக்கீலின் வாயில் சாமிக்கண்ணு என்ற பேர் வந்தது. அதற்கப்புறம் மொத்த உடம்பும் காதாகிவிட்டது அவளுக்கு.

கம்பெனி வக்கீல் விறுவிறுவென்று பேசினார். நீதிபதி இவள் வக்கீலைப் பார்த்து ஏதோ கேட்டார். இவள் வக்கீல் எழுந்து, கையை விரித்து, நிதானமாக நாலு வார்த்தை சொன்னார். அதில் சாமிக்கண்ணு இரண்டு தரம் வந்தது. நீதிபதியும் அந்தப் பேரைச் சொன்னார். அவ்வளவு பெரிய இடத்தில், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயால் தன் புருஷன் பேரைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பேர் வருகிறபோதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். கம்பெனி வக்கீல் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த முகம் ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வெளியே வந்த வக்கீல் வேறொரு ஹாலுக்கு ஓடிக்கொண்டே, "ஜெயிச்சாச்சும்மா" என்றார். அவர் பின்னால் ஓட முடியாமல் அவருடைய குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிக்கலன்னு சொல்லிட்டாங்களா சார்?"

"கம்பெனி அப்பீல தள்ளிட்டாங்கம்மா. தள்ளிட்டா கீழ்கோர்ட்டுல சொன்னது அப்படியே நிக்கும். சந்தோஷமாப் போங்க."

அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று அவரும் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

ரயிலை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மணவாளநல்லூர் போய், வழக்கு தீர்ந்தது சாமி என்று ராஜினாமா கொடுத்துவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைந்தாள். அந்தத் தையில் சூளை வாயில் சூடம் எரிய, பழமலை "சாமிக்கண்ணு" என்றார். கூட்டம் திருப்பிச் சொன்னது. பாஞ்சாலை அழுதாள், சிரித்தாள், பந்தியில் எல்லாருக்கும் தானே பரிமாறினாள். பழமலை பெண்டாட்டி வீராயி, "இவள இப்பிடி பாத்து எத்தினி வருஷம் ஆச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

ஒரு மாதம் போனது. காத்தவராயன் டீக்கடையில் பேச ஆரம்பித்தான். குடித்திருந்தான் என்று மேல்கோர்ட்டிலேயே ஒத்துக்கொண்டார்களாம், மேனேஜர் சொன்னாராம். முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் நம்பினார்கள். பழமலை பாஞ்சாலையைக் கூட்டிக்கொண்டு ராஜ்மோகன் ஆபீஸுக்குப் போனார்.

ராஜ்மோகன் தீர்ப்பு நகலை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடியவே இல்லை.

"சட்டம் எப்பிடின்னாம்மா, தொழிலாளி செத்துட்டா, அவர் குடிச்சிருந்தாலும் கம்பெனி இழப்பீடு குடுத்துத்தான் ஆவணும். நம்ம பட்டணத்து வக்கீலு அதப் புடிச்சிக்கிட்டாரு. சாமிக்கண்ணு குடிச்சிருந்தாருன்னே வெச்சிக்கங்க, அதப் பத்தி எங்களுக்குத் தகராறு இல்ல, அப்பவும் கம்பெனிதான் குடுக்கணும்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல கம்பெனியால பேச முடியல. நல்ல வாதம்தான்."

"குடிச்சிருந்தாருன்னா?" என்றாள் பாஞ்சாலை.

"வாதத்துக்குச் சொன்னதும்மா. ஆனா ஜட்ஜு, குடிச்சிருந்தத ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிட்டாரு."

"யாரு சொன்னது? கம்பெனி வக்கீலா?"

"நம்ம வக்கீலு."

அவள் அந்த நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நா அங்கதான சார் இருந்தேன்? என் எதிருலயா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"அவரு பேர அவங்க சொல்லச் சொல்ல கையெடுத்துக் கும்புட்டேனே சார்" என்றாள். ராஜ்மோகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே போக முடியுமா என்று பழமலை கேட்டதற்கு, ஜெயித்த வழக்குக்கு எதற்கு அப்பீல் போவது என்றார். கேட்டால் அதுவும் சரியாகத்தான் இருந்தது.

மறுபடியும் பிராது கட்டலாமே என்று வீராயி சொல்லிப் பார்த்தாள். "தீந்துபோச்சுன்னு நானே போயி சொல்லிட்டு வந்துட்டேன் அக்கா. இப்ப எந்த வாயால கேக்கறது" என்று அவள் எழுந்திருக்கவே இல்லை.

மாசி, பங்குனி, சித்திரை என்று அந்த வருஷம் ஊர்ந்து போனது. இழப்பீட்டுப் பணம் வந்தது. அவளுக்கு அதைக் கையால் தொடவே அருவருப்பாக இருந்தது. அப்படியே பேங்கில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் பழமலை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, அங்க பேசுனது எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெளங்கியிருந்தா அப்பவே எந்திரிச்சி இல்லன்னு கத்தியிருப்பேன். கடலூர்ல கத்துனேனா இல்லியா? நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் என்ன மாமா?"

பழமலை நல்ல மனுஷன். தம்பி செத்ததிலிருந்து அவரும் வாய்க்கு ருசியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"பங்காளிங்க கேக்கறானுங்க பாஞ்சால. கம்பெனிக்காரன் சொன்னா பொய்யின்னு சொல்லிடலாம். காத்தவராயன் சொன்னாலும் சொல்லிடலாம். நீ வெச்ச வக்கீலு சொல்லியிருக்காரு. நீ எதிருலயே ஒக்காந்து கும்புட்டிருக்க. இதுக்கு நா என்னான்னு சொல்றது?"

புரியவில்லை என்பது அந்தத் தெருவில் ஒரு பதிலாக எடுபடாது. பெண்டாட்டி எதிரில் இருந்து, மறுக்காமல் வந்தால், ஒத்துக்கொண்டு வந்ததாகத்தான் கணக்கு. வழி வழியாக அப்படித்தான் பஞ்சாயத்து பேசியிருக்கிறார்கள். அவளும் பல பேருக்கு அப்படிப் பேசியிருக்கிறாள்.

தை பிறந்தது. கூட்டத்துக்குப் பின்னால் வந்து பாஞ்சாலை நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை, முன்னால் வரவும் சொல்லவில்லை. சூடம் ஏறியது. பழமலை தாத்தா பேரைச் சொன்னார், பெரியப்பா பேரைச் சொன்னார், அப்பா பேரைச் சொன்னார். கூட்டம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. அடுத்து தம்பி பேர் வர வேண்டிய இடத்தில், தீப்பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.