மாமாவின் படத்தில் குதித்தவர்

என் அம்மாவின் தம்பி சென்னப்பட்டணத்தில் சண்டைப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவர். பதினாறு வயதில், எங்கள் ஊரான கல்லடிக்கு வந்த ஒரு நாடகக் கொம்பனியோடு சொல்லாமல் கொள்ளாமல் போனவர், நடிகர்களுக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் பழக்கி, கடைசியில் டைரக்டராகிவிட்டார். ஓடுகிற ரயிலின் கூரைமேல் கத்திச்சண்டை வைத்ததும், ஒரு பெண்ணைக் குதிரையில் ஏற்றிச் சவுக்கால் முப்பது பேரை அடிக்கவிட்டதும் அவர்தான் என்று மட்டக்களப்பு முழுக்கப் பேசினார்கள். பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை அப்பா வெட்டிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

எனக்கு ஒன்பது வயதானபோது மாமா ஊருக்கு வந்தார். சவுக்கோ வாளோ இல்லாமல், ஒரு முழங்கால் மடங்காத, ஒடிசலான மனிதர் மாட்டுவண்டியிலிருந்து மெல்ல இறங்கியதும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. வந்தவர் மூன்று நாள் படுத்தே கிடந்தார். அவரைப் பார்க்கவென்று வாழைக்குலையோடும் தயிர்ச்சட்டியோடும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அவர் படமொன்றில் வந்த புலி நிசப் புலியா என்று எல்லாரும் கேட்டார்கள். நிசம்தான், பல்லை மட்டும் பிடுங்கியது என்று எல்லாருக்கும் ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

வராத ஆள் மீன்கார மாமி ஒருத்திதான். எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தவள். வாவியில் பிடித்த இறாலும் நண்டும் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்பவள். உறவில்லை என்றாலும் நான் மாமி என்றே கூப்பிடுவேன். அவளுடைய ஒரே மகன் கல்லடிப் பாலத்தின் இரும்பு வளைவில் ஏறி வாவிக்குள் குதிப்பார். எனக்கு நினைவு தெரியுமுன் ஒருமுறை ஊருக்கு வந்திருந்த மாமா அதைப் பார்த்துவிட்டுத்தான் அவரைச் சென்னப்பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். கதாநாயகனுக்குப் பதிலாக உயரங்களில் இருந்து குதிப்பது தான்தான் என்று அவர் எழுதிய கடிதங்களை அப்பாதான் மாமிக்கு வாசித்துக் காட்டுவார். பிறகு ஒரு தந்தி வந்தது. காய்ச்சலில் செத்துப்போனதாக மாமா அடித்திருந்தார்.

மாமா வந்ததிலிருந்து மாமி எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்று இறாலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். மாமாவும் அவள் குரல் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்தக் கிழமைதான் மாமாவின் படம் பாலத்துக்கு அப்பால், மட்டக்களப்புப் பட்டினத்துத் தகரக் கொட்டகைக்கு வந்தது. மேளம் அடித்து வண்டியில் நோட்டீஸ் கொடுத்தார்கள். தலைப்பாகை கட்டிய ஒருவன் கோட்டை மதிலில் இருந்து குதிக்கிற படம் அதில் இருந்தது. இந்த வீட்டில் ஒருவரும் அதைப் பார்க்கக் கூடாது என்றார் மாமா. மாமியிடம் மூச்சு விடாதே என்று அம்மாவும் என்னை மிரட்டினாள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. செத்துப்போன மகன் உயிரோடு குதிப்பதைப் பெற்றவள் பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை பகல், நோட்டீசை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மாமியிடம் போனேன். அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முகம் கழுவி, வெள்ளைச் சீலை உடுத்திக்கொண்டு வந்தாள்.

நான் டைரக்டரின் மருமகள் என்றதும் கொட்டகைக்காரர் எங்களைச் சும்மாவே உள்ளே விட்டார். பெண்கள் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தோம். கதை எனக்கு நினைவில்லை. அந்த மதில் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. மதில்மேல் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குதிப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பில் துடைத்தார். மாமி வாங்கிலிருந்து பாதி எழும்பி, "அவன்தான்" என்றாள். அவர் குதித்தார். கொட்டகை விசிலடித்தது. தண்ணீர் மேலே எழும்பி விழுந்தது. அடுத்த கணம் தண்ணீரிலிருந்து கதாநாயகன் சிரித்துக்கொண்டு தலையைத் தூக்கினான்.

மாமி என் காதருகே குனிந்தாள். "புள்ள, இது வேற ஆள். என்ட மகன் எங்க?"

படம் முடியும்வரை அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் அவர் மேலே வரக்கூடும் என்பது போல. வரவில்லை. பாலத்தால் விறுவிறுவென்று நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். படலையைத் திறந்துகொண்டு நேரே மாமா படுத்திருந்த அறை வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, அவன் மேல வந்தானா?"

மாமா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், மாமியின் வெள்ளைச் சீலையைப் பார்த்தார். பல நாள் சுமந்த ஒன்றை இறக்கி வைப்பவர் போலத் தோள்கள் தொய்ந்தன.

"இல்ல அக்கா. தண்ணி ஆழம் காணாது. அடியில கல் கிடந்தது, நான் பாக்கல்ல. காய்ச்சல் எண்டது பொய்."

"பொறகும் அதப் படத்தில வெச்சீங்க."

"வெச்சன்."

அந்தக் குதியால்தான் படம் ஓடுகிறது என்று மாமா மெல்லச் சொன்னார். அதற்குப் பிறகு தன்னால் ஒரு படமும் எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார். மாமி அழவில்லை, ஏசவுமில்லை. படம் எத்தனை நாள் ஓடும் என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்றார் மாமா.

"அப்ப நீங்களும் என்னோட வாங்க," என்றாள்.

அன்று அம்மா முதல்தடவையாக என்னை அடித்தாள். ஆனால் திங்கள் தொடங்கி ஒவ்வொரு நாளும் மாமா, மடங்காத காலை இழுத்துக்கொண்டு மாமியின் பின்னால் பட்டினத்துக்கு நடந்தார். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் களைத்துத் திரும்பினார். சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழும்பிவிடுவார். வெள்ளிக்கிழமை அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

கடைசி நாள் என்பதால் கொட்டகையில் ஆள் குறைவு. மாமா பெண்கள் வாங்கில், மாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததை ஒருவரும் கேட்கவில்லை. மதில் வந்ததும் மாமா எழும்பப் பார்த்தார். மாமி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இருத்தினாள். அந்த முதுகு, அந்த உள்ளங்கைகள், அந்தத் தண்ணீர் எல்லாம் தீரும்வரை விடவில்லை. மாமாவின் கன்னத்தில் வெள்ளித்திரையின் வெளிச்சம் ஈரமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்கு ஓடி, மாமி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டே படம் பார்த்தாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் இரண்டு பேரும் இனி ராசி என்றும், ராசியாக்கி வைத்தது நான்தான் என்றும் சொன்னேன். அம்மா ஏன் நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைத் திரும்பத் திரும்ப ஊதினாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.