கதவைத் திறக்க ஓடிய அத்தான்

எங்கள் அத்தான் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மைத்துனனின் வணக்கம். எதையும் எளிதில் நம்பாதவன் என்று வீட்டில் பெயரெடுத்தவன் நான். அத்தானையும் எளிதில் நம்பவில்லை.

அத்தான் டிரினிடாட் தீவில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். தகப்பனாரை அறியாதவர், தாயார் மீன் விற்று வளர்த்தார். நூறு மீட்டர் ஓட்டம் அவரை அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்றுக்குக் கொண்டுவந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த அக்காவைச் சந்தித்து மணந்தார். திருநெல்வேலிக்குச் செய்தி வந்தபோது அம்மா கேட்டது இதுதான்: "ஓடுறதெல்லாம் ஒரு வேலையாடே?"

அக்காவின் பிரசவத்துக்காக அம்மா அவர்கள் குடியிருந்த ஹூஸ்டனுக்குப் போயிருந்தார். உலகப் போட்டிக்கு அணி தேர்வு செய்யும் நேரம் அது. அப்போதுதான் அத்தானுக்குத் தடை விழுந்தது. ஊக்கமருந்துச் சோதனைக்கு ஆள் வந்தபோது தாம் கிடைக்கவில்லை என்பதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. மடியில் கனமில்லை என்றால் வழியில் ஏன் பயம் என்று நான் கேட்டேன். அம்மாவும் கேட்டார். அத்தான் அதன்பின் போட்டிகளில் ஓடவே இல்லை. நியூ ஜெர்சிக்குக் குடிவந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பின்னாளில் அம்மாவும் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். அங்கே ஐசலின் ஊரின் இந்தியக் கடைகளில் நம்மவர்கள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தபடியே அவரைப் பற்றிக் குசுகுசுத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

என் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாசல் மணி அடித்தால் போதும், சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார். "நீங்க உக்காருங்கம்மா, ஐ காட் இட்" என்று அக்காவிடம் கற்ற தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்வார். வேறு யாரையும் கதவைத் திறக்க விடமாட்டார். யாரை எதிர்பார்க்கிறார், எதை மறைக்கிறார்? ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். பீட்சா கொண்டுவந்த பையன்தான். அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை.

கணையத்தில் வந்த நோய் அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. இறுதிச் சடங்குக்கு டெக்சாஸிலிருந்து அவருடைய பழைய பயிற்சியாளர் வந்தார். அவர்தான் விளக்கினார்: ஓட்ட வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம். சோதனைக்கு வருபவர் ஓராண்டில் மூன்று முறை ஏமாந்து திரும்பினால் தடை. அத்தான் முதல் இரண்டு முறை விமானம் தாமதமாகிச் சிக்கிக்கொண்டார். மூன்றாம் முறை வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். சோதனைக்கு வந்தவர் எழுதிவைத்தபடி, கதவைத் திறந்த இந்திய அம்மா ஒருவர், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிச் சாத்திவிட்டாராம்.

அக்காவும் நானும் அம்மாவைப் பார்த்தோம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா நடந்ததைச் சொன்னார்.

"விடியக்காலம் கழுத்துல அட்டையத் தொங்கவிட்டுட்டு வந்து அவர் பேரச் சொல்லிக் கேட்டாம். விசா ஆளுன்னு நெனச்சேன். இவரு என்னமோ தப்பு பண்ணிருக்காருன்னு பட்டுச்சு. புள்ளத்தாச்சி உள்ள கெடக்கா, இவரப் பிடிச்சிட்டுப் போயிட்டா என்ன செய்ய? அவரு போனும் அடிச்சிட்டே கெடந்துச்சு. தலையணைக்கடியில வச்சிட்டேன்."

மேல்முறையீடு செய்யப் பயிற்சியாளர் எவ்வளவோ வற்புறுத்தியிருக்கிறார். செய்தால் அம்மாவைச் சாட்சிக்கு அழைப்பார்கள், விஷயம் தெரிந்தால் அம்மா என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடமாட்டார் என்று அத்தான் மறுத்துவிட்டாராம். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. வழக்கம்போல நான் நம்பாமல் துருவித் துருவிக் கேட்டேன். பயிற்சியாளரின் பேச்சு மாறவில்லை. அத்தானின் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நோயில் துணைநின்ற செவிலியர்களுக்கும், ரசமும் சாதமும் கொண்டுவந்து கொடுத்த அக்கம்பக்கத்து ஆன்ட்டிகளுக்கும், அத்தானைச் சுமந்த அவருடைய மாணவர்களுக்கும், உண்மையைச் சொன்ன பயிற்சியாளருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போதெல்லாம் மணி அடித்தால், வலிக்கும் முழங்காலோடு அம்மாதான் எழுந்து போகிறார். எங்களை விடுவதில்லை. போன வாரம் கூரியர்காரர் ஒருவர் பெட்டியோடு வந்தார். அத்தான் தம் மாணவர்களுக்காக ஆண்டுதோறும் வரும்படி சொல்லிவைத்திருந்த காலணிகள். அத்தானின் பெயரைச் சொல்லி, அவர் வீடு இதுதானா என்று கேட்டார்.

அம்மா கதவை முழுசாகத் திறந்தார்.

"எஸ். ஹிஸ் ஹவுஸ். ஐ ஆம் ஹிஸ் மதர்."